டீச்சர் வீட்டு அரசங்கன்று

ஒரு செடி என்னைப் பழிவாங்க வந்திருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மனதார நம்பினேன். சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், பின்னால் இடம் கிடைக்காது. பேய், பிசாசு, திருஷ்டிப் பூசணி எதையும் நம்பாதவன் நான். எலுமிச்சம்பழத்துக்கு ஜூஸாக மட்டுமே மரியாதை கொடுப்பவன்.

மந்தைவெளியில் ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் எங்கள் அபார்ட்மெண்ட், மூன்று மாடிப் பழைய கட்டடம். அசோசியேஷன் செக்ரட்டரி நான்தான். கூட்டத்துக்குத் தாமதமாகப் போனதால் கிடைத்த பதவி. பக்கத்து வீடு ஸ்டெல்லா டீச்சருடையது. சாந்தோம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனியாக இருந்தார். ஒரு காலத்தில் அவர் வீட்டுத் தரையில் முகம் பார்த்துத் தலை சீவலாம். கொஞ்ச நாளாக எல்லாம் பாழாகிக்கொண்டிருந்தது. பால்கனிச் செடிகள் காய்ந்து குச்சியாக நின்றன, கம்பியெல்லாம் புறா எச்சம், பாத்ரூம் சுவரில் கசிவு. அந்தக் கசிவைக் குடித்துக் குடித்து, சுவரின் வெளிப்பக்கம் ஓர் அரசங்கன்று முளைத்து என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் தினமும் அதன் படம் வரும். ‘பொறுப்பில்லாத ஜனங்கள்’ என்று ஒருவர் எழுதுவார், இன்னொருவர் கும்பிடும் கையைப் போடுவார். டீச்சரிடம் இருந்தது பட்டன் போன். அவரைத் திட்டிய ஒரு வார்த்தையைக்கூட அவர் பார்த்ததில்லை. கதவைத் தட்டி என்ன ஏது என்று கேட்டவரும் யாருமில்லை, நான் உள்பட. அதான் குரூப்பில் போட்டாயிற்றே!

ஒரு சனிக்கிழமை, பட்டினப்பாக்கத்திலிருந்து ஏழுமலை என்கிற கொத்தனாரை வரவழைத்தேன். மொட்டைமாடியிலிருந்து கயிறு கட்டி இறங்க வந்தவர், கத்தியை எடுக்காமல் நின்றார்.

“இன்னா சார், அரச மரம் இது. சும்மா வெட்டக்கூடாது. கொஞ்சம் பாலை ஊத்தி, தெரியாம செய்றோம் மன்னிச்சுக்கோன்னு ஊட்டுக்காரங்க ஒரு வார்த்தை சொல்லணும்.”

“நான் செக்ரட்டரிப்பா. வேணும்னா மரத்துக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புறேன்.”

“சிரிக்காதே சார். அது கேட்டுக்கினு கீது.”

“நீ வெட்டுப்பா. பாவத்தை அசோசியேஷன் தலையில எழுதிக்கலாம்.”

வெட்டினார். வேர் மட்டும் சுவருக்குள் தங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் எங்கள் பாத்ரூமில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே, செடி இருந்த பக்கத்திலிருந்து ஒரு சத்தம். டொக். டொக். டொக். எட்டிப் பார்த்தேன். காற்றில்லை, காக்காயில்லை. வெட்டுப்பட்ட அடிக்கட்டை மட்டும் பால் வடிய நின்றது. தண்ணீர்க் குழாயாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, முகத்தில் சோப்போடு வெளியே வந்து டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

ஞாயிறு காலை மறுபடியும் அதே டொக். காபிக்கு வைத்திருந்த பாலில் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு நழுவியபோது என் மனைவி வசந்தா பிடித்துவிட்டாள்.

“எங்கே கிளம்பிட்டீங்க?”

“பூனைக்கு.”

எங்கள் கட்டடத்தில் பூனையே கிடையாது.

பின்பக்கம் குழாய்கள் இறங்குகிற சந்தில், அடிக்கட்டைக்கு நேர் கீழே போய் நின்றேன். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தபின் பாலை ஊற்றி, அண்ணாந்து பார்த்து, “தெரியாம வெட்டிட்டோம், மன்னிச்சுக்கோங்க. என்ன வேணும்னாலும் சொல்லுங்க” என்றேன். செடிக்கு எதற்கு மரியாதைப் பன்மை என்று கேட்காதீர்கள், பயம் வந்தால் அது தானாக வரும்.

நம்பினால் நம்புங்கள், மேலேயிருந்து பதில் வந்தது. டொக். டொக். டொக்.

நான் படியேறிய வேகத்தில் ஒரு செருப்பு சந்திலேயே தங்கிவிட்டது. வசந்தாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சிரிப்பாள் என்று பார்த்தால், நேராகப் பாத்ரூமுக்குப் போய் ஜன்னலில் காதை வைத்தாள். டொக்.

“என்னங்க, இது பக்கெட் சத்தம். மக்கால பக்கெட்டைத் தட்டுற சத்தம். நீங்க டீச்சரைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?”

அரசங்கன்றைப் பற்றிக் கேட்டிருந்தால் படத்தோடு காட்டியிருப்பேன்.

டீச்சர் வீட்டு மணியை அடித்தோம், திறக்கவில்லை. நானும் கீழ்வீட்டுக்காரரும் கதவை உடைத்தோம். டீச்சர் பாத்ரூம் தரையில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது, உதடெல்லாம் வெடிப்பு, மூச்சு மட்டும் இருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

டீச்சர் பிழைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் தெம்பு வந்ததும் பேசினார். மூட்டுவலியில் பால்கனி வரைகூட நடக்க முடியவில்லையாம். யாரையும் கூப்பிட வெட்கமாம்.

“செடியெல்லாம் காயறதைக் கட்டில்ல உட்கார்ந்தே பார்த்துக்கிட்டிருந்தேன் சேகர்” என்றார்.

பேச்சை மாற்ற, செடியிடம் மன்னிப்புக் கேட்ட கதையை எடுத்துவிட்டேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அத்தோடு விட்டிருக்கலாம். “நான் பால் ஊத்தின நேரம் பார்த்து நீங்க தட்டினீங்க பாருங்க” என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது.

“ஞாயித்துக்கிழமையா? நான் சனிக்கிழமை சாயந்திரம்தான்ப்பா தட்டினேன். அப்பவே மக் கைநழுவி உருண்டு போயிடுச்சு. எவ்வளவோ பார்த்தேன், எட்டலை.”

மயக்கத்தில் இருந்தவருக்கு நினைவு குழம்பியிருக்கும் என்கிறாள் வசந்தா. கேட்பவர்களிடம் நானும் அதையே சொல்கிறேன். ஆனால் அந்தப் பாத்ரூமுக்குள் முதலில் நுழைந்தவன் நான். கதவைத் தள்ளும்போது மக் அதில் இடித்து உருண்டது. பக்கெட் எதிர்ச்சுவரில், ஜன்னலுக்கு அடியில் இருந்தது. நடுவில் கிடந்த டீச்சரின் கைகள் இரண்டையும் எட்டவில்லை.