குனியப் பயந்த மாதங்கள்

கீழ்த்தட்டில் இருந்த கோப்பை எடுக்கக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. மேசை விளிம்பைப் பிடித்தபடி பாதிக் குனிவில் நின்றேன். அலுவலகத்தில் இருந்த இரண்டு பேர் தாங்கி ஆட்டோவில் ஏற்றினார்கள்.

வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் பதினோரு வருடமாகக் கணினி முன் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். இடுப்பு வலி ஒரு வருடமாகவே இருந்தது. தைலம் தேய்த்தால் அடங்கியதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்கேனில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் பகுதி) சற்றுப் பிதுங்கியிருப்பது தெரிந்தது. வலியே இல்லாதவர்களுக்கும் இது இருக்கும், அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார் மருத்துவர். அது என் மனதில் ஏறவில்லை. தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ உடனே வர வேண்டும் என்று சொன்னது மட்டும் ஏறியது.

அதன்பின் கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் என்னை நானே சோதித்துக்கொண்டேன். உட்கார்ந்து கால் மரத்தாலும் வியர்த்துவிடும்.

குனிவதையே விட்டேன். இடுப்பைத் தாங்கும் பெல்ட்டைத் தூங்கும்போதும் போட்டுக்கொண்டேன். கணவர் பாஸ்கர்தான் செருப்பு மாட்டிவிட்டார். தரையில் விழுந்த சீப்பைக்கூட எடுக்க விடமாட்டார். மருத்துவ விடுப்பு முடியும் நேரத்தில் வேலையை விட்டுவிடலாம் என்று இருவரும் பேசிக்கொண்டோம். எனக்கு முப்பத்தொன்பது வயது.

மருத்துவர் என்னை இயன்முறை சிகிச்சையாளர் (உடற்பயிற்சியால் உடலைத் தேற்றுபவர்) கலைச்செல்வியிடம் அனுப்பினார். முதலில் மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பயிற்சி, பத்து நிமிட நடை, அவ்வளவுதான். பெல்ட்டையும் மெல்லக் குறைக்கச் சொன்னார்.

நான்காவது வாரம் வலி கூடியது. டிஸ்க் கிழிந்துவிட்டது என்றே நம்பினேன். இனி வரப்போவதில்லை என்று சொல்லத்தான் போனேன். கலைச்செல்வி என் கால்களின் பலத்தையும் உணர்வையும் நிதானமாகச் சோதித்தார்.

“வலி ஜாஸ்தியாயிருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா எதுவும் உடையலீங்க. இந்த வாரம் கம்மியா பண்ணலாம். நிறுத்த வேணாம்.”

நம்பிக்கை வரவில்லை. பயத்தோடுதான் தொடர்ந்தேன். வலி தணிந்த பிறகு ஒருநாள், பாதி தண்ணீர் நிரம்பிய வாளியை என் முன் வைத்தார். முழங்காலை மடக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளித் தூக்க வேண்டும். கைப்பிடியைப் பற்றினேன். உடன் வந்திருந்த பாஸ்கர் சட்டென்று வந்து வாளியைப் பிடித்துக்கொண்டார்.

“சார், விடுங்க. அவங்க தூக்கட்டும்.”

அவர் விடவில்லை. “எனக்கு பயமா இருக்குங்க. அன்னிக்கி ஆட்டோலேர்ந்து இவள தூக்கினு வந்தவன் நானு. அப்படியே படுத்துடுவாளோன்னு இருந்துது.”

அத்தனை மாதத்தில் அவர் என்னிடம் இதைச் சொன்னதே இல்லை. நான் மட்டும்தான் பயப்படுகிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் விரல்களை மெல்ல விலக்கினேன். வாளி மேலே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வலிக்குக் காத்திருந்தேன். லேசாக இழுத்தது, அவ்வளவுதான்.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறேன். காலையில் பயிற்சி உண்டு. வலி முற்றிலும் போகவில்லை. இதே வலியோடு இதைப் படிக்கும் உங்களுக்கும் போகாமல் இருக்கலாம். அதை மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை.

முன்பெல்லாம் இடுப்பு சுளீரென்றால், ஐம்பது வயதில் கட்டிலில் கிடப்பேனே என்று மனம் ஓடும். இப்போதும் பயம் வருகிறது. ஆனால் அத்தனை தூரம் போவதில்லை. இன்று சாயங்காலம் வரை இந்த உடம்போடு என்ன செய்யலாம் என்று பார்க்கிறேன். சாயங்காலம் வந்தபின், மறுநாளைப் பற்றி யோசிக்கிறேன்.