ஜனாதிபதியின் வாசல் காத்தவர்

பிரெஞ்சு பேசும் நகரத்தில், குடியேறிகள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்வீட்டில் ஒரு முதியவர் தனியாக இருந்தார். ஒரு சர்வாதிகாரியின் வலக்கையாக இருந்தவர். அவருடைய நாட்டைச் சேர்ந்த டாக்சி ஓட்டுநர் ஒருவரும் அதே கட்டடத்தில் இருந்தார். அவர்தான் எனக்கு அதைச் சொன்னார். "இவர் தலையசைத்தால்தான் அமைச்சர்கள்கூட ஜனாதிபதியின் அறைக்குள் போகலாம்." சொல்லும்போதே குரல் தாழ்ந்தது. ஆட்சி கவிழ்ந்து எவ்வளவோ காலமாகியும், முதியவர் படியேறி வந்தால் ஓட்டுநர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவார்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். அந்தக் குளிர்காலத்தில் கட்டடத்தின் ஹீட்டிங் பழுதானது. வீட்டுக்காரரைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. முதியவர் தானாகவே இடையில் வந்தார். "வீட்டுக்காரரை யாரும் தொந்தரவு செய்யவேண்டாம். குறைகளை என்னிடம் சொல்லுங்கள்" என்றார். நாங்கள் தலையாட்டினோம். டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளுக்கான சாப்பாடு கட்டிவிட்டுக் களைத்து வரும் எனக்கு, யாராவது பார்த்துக்கொண்டால் போதும் என்றிருந்தது.

கொஞ்ச நாளில் அவர் வாசலில் ஆட்கள் காத்து நிற்கத் தொடங்கினார்கள். அவருக்குப் பிடித்தவர்களின் வீடுகளுக்கு வீட்டுக்காரரிடமிருந்து சிறிய மின் ஹீட்டர்கள் வந்தன. பணிந்து பேசத் தெரியாத எங்களுக்கு வரவில்லை. மகள் குளிர்க்கோட்டோடு படுத்தாள்.

ஒரு சனிக்கிழமை மனைவி என்னையும் இழுத்துக்கொண்டு கீழே போனாள். வகுப்புக்குப் போய்ப் படித்ததால் அவளுடைய பிரெஞ்சு என்னுடையதைவிட நல்லது. அதனால் அவளே எங்களுக்கும் ஒரு ஹீட்டர் கேட்டாள்.

முதியவர் கதிரையிலிருந்து எழாமலே, "நாளைக்கு வாருங்கள், மதாம்" என்றார்.

அவள் முகம் மாறியது. ஊரில் அவளுடைய அண்ணனை ராணுவம் பிடித்துக்கொண்டு போனபோது, முகாம் வாசலில் தினமும் இதே பதிலைக் கேட்டு நின்றவள் அவள். அண்ணன் திரும்பி வரவேயில்லை.

"நாளைக்கு வரமாட்டேன். இனி உங்களிடம் வரவே மாட்டேன்."

"நான் யாரையும் கொன்றதில்லை" என்றார் அவர். நாங்கள் அதைக் கேட்கவேயில்லை. "யார் உள்ளே போவது, யார் வெளியே நிற்பது என்று மட்டும்தான் தீர்மானித்தேன்."

"வெளியே நின்றவர்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள் மனைவி.

அவர் கையசைத்து, வாசலில் நின்ற அடுத்த ஆளை உள்ளே அழைத்தார்.

படியேறும்போது நான் பயத்தோடு கேட்டேன். "இஞ்சரும், மனுசனைப் பகைச்சுப்போட்டம். இனி என்ன செய்யிறது?"

"வீட்டுக்காரர் மேல வழக்குப் போடுவம். பயமெண்டால் நீங்கள் வீட்டில இருங்கோ. நான் போறன்."

வாடகைப் பிணக்குகளை விசாரிக்கும் அலுவலகத்துக்கு நானும்தான் போனேன். கடைசி நேரத்தில் அந்த ஓட்டுநரும் வந்து எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்தார். மனைவி எழுந்து நின்று, திக்காமல், எங்கள் வீட்டுக் குளிரைப் பற்றிச் சொன்னாள். உடனே திருத்தும்படி வீட்டுக்காரருக்கு உத்தரவானது. பனி கரையும் முன்பே வீடு சூடானது.

அதற்குப் பிறகு ஆட்கள் எங்கள் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் ஓட்டுநர். தொப்பியைக் கையில் பிடித்தபடி, "மதாம், குழாய் ஒழுகுகிறது. வீட்டுக்காரரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால்..." என்றார்.

மனைவி தொலைபேசியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே சொல்லுங்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன்."

முதலில் அவர் குரல் நடுங்கியது. பிறகு நிமிர்ந்தது. முடிவில் எங்கள் குசினி முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

மறுநாள் வேலையில், கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் இதைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் "என்ர மனிசி" என்றுதான் தொடங்கினேன்.