உள்பக்கம் ஒரு கைப்பிடி

எங்கள் ஊர் மளிகைக் கடையில் மார்லிஸ் டாலஃப்சனைக் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். கதவுக்கு முன்னால் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சும்மா நிற்பவர் யாரோ, அவர்தான்.

"மார்லிஸ், இது கடைம்மா! தள்ளினாதான் திறக்கும்!" என்று பின்னாலிருந்து யாராவது கத்துவார்கள்.

"அட, ஆமால்ல!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு உள்ளே போவார். அடுத்த வாரமும் அப்படியே நிற்பார்.

அவர் எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், ஜெயிலில் காவலர். அங்கே எந்தக் கதவையும் கையால் திறக்க முடியாது. கண்ணாடி அறையில் இருப்பவர் கேமராவில் ஆளைப் பார்த்து பட்டனை அமுக்க வேண்டும். 'கர்ர்ர்' என்று சத்தம் வரும், பிறகு திறக்கும். கைதியானாலும் காவலரானாலும் நின்றே ஆக வேண்டும். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே மார்லிஸ் அந்தக் கதவுகள் முன்னால் நிற்கிறார்!

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. சின்னக் குற்றத்துக்காக உள்ளே இருப்பவர்களில் சிலரை, பகலில் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி ஜெயிலுக்குத் திரும்பச் சொல்லி நீதிபதி விடுவார். அவர்களுக்குத் தனியாக ஒரு வீடு வேண்டும். இதுதான் அந்த ஆசை.

ஏனென்றால் பழைய ஜெயிலில் எல்லோரும் ஒரே கூடத்தில் கிடந்தார்கள். கட்டில் போதாமல் தரையில் பாய். வேலைக்குப் போய் வருபவனை மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். "வெளிய போறவன்தானே, சிகரெட் கொண்டுவாடா." கொண்டுவந்து மாட்டினால் வேலை போச்சு. கொண்டுவராவிட்டால் தூக்கம் போச்சு. நல்ல பையன்கள் இப்படியே ஒவ்வொருவராக வேலையை இழப்பதை மார்லிஸ் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த ஜனவரியில் விஷயம் முற்றிவிட்டது. ஜெயில் நிரம்பி வழிந்தது. ஒன்று, பக்கத்துக் காலி மனையில் அந்தத் தனி வீட்டைக் கட்ட வேண்டும். இல்லையென்றால் வேலைக்குப் போகும் கைதிகளைத் தொலைவில் இருக்கும் வேறு கவுண்டிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் அத்தனை பேருக்கும் வேலை போய்விடும். முடிவு செய்யக் கவுண்டி மன்ற உறுப்பினர்கள் ஐந்து பேர் தீயணைப்பு நிலையத்தில் ஊர்க் கூட்டம் போட்டார்கள். மார்லிஸ் சீருடையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

கூட்டம் ஆரம்பித்தவுடன் ஹீட்டர் நின்றுவிட்டது! மினசோட்டா ஜனவரியில்! எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு பற்கள் தந்தியடிக்க உட்கார்ந்தோம். யாரோ போன் செய்தார்கள். ஹீட்டர் கம்பெனியிலிருந்து ஒரு இளைஞன் வந்தான். பெயர் ட்ராவிஸ். ஏணி போட்டு ஏறி வேலையை ஆரம்பித்தான்.

கீழே வெர்ன் ஹாட்லஸ்டாட் எழுந்தார். காலி மனைக்கு எதிர்வீடு அவருடையது. குரல் பெரிசு.

"அவனுங்களுக்கு வீடு கட்டித் தரணுமா? என் வீட்டுக்கு எதிர்லயா? நீங்க யாராவது அந்த மாதிரி ஒருத்தன வீட்டுக்குள்ள விடுவீங்களா? சொல்லுங்க பாப்போம்!"

நிறைய பேர் கைதட்டினார்கள். சூடு பிடிப்பதற்காகவும் தட்டியிருக்கலாம்.

நான் மார்லிஸைப் பார்த்தேன். முகம் சிவந்திருந்தது. வாயைத் திறந்தார், மூடினார். அண்ணாந்து ஏணியைப் பார்த்தார், உடனே குனிந்துகொண்டார். ஜெயிலில் யார் இருக்கிறார்கள் என்று காவலர் பொதுவில் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் வேலை போய்விடும். ஆசைப்பட்ட வீடு கண் முன்னால் கைநழுவுகிறது, பதிலும் தலைக்கு மேலேயே இருக்கிறது, வாயைத் திறக்க முடியவில்லை!

அப்போது மேலே 'டும்' என்று சத்தம். வெதுவெதுப்பாகக் காற்று வந்தது.

"ஆஹா! நல்லாயிருப்படா தம்பி!" என்றார் வெர்ன். தன் காபியை எடுத்து ஏணிக்கு மேலே நீட்டினார். "இந்தா, குடி. என் வீட்டு ஹீட்டரும் ரெண்டு நாளா இருமுது. நாளைக்கு வந்து பாக்குறியா?"

"வர்றேன் சார்." ட்ராவிஸ் இறங்கி வந்து காபியை வாங்கிக்கொண்டான். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன் சார். இங்கேருந்து நான் நேரா ஜெயிலுக்குத்தான் போறேன். நீங்க சொன்ன 'அந்த மாதிரி ஒருத்தன்' நான்தான். என்ன வேற ஊருக்கு அனுப்பிட்டா இந்த வேல போயிடும். வெளிய வர்றப்ப என்கிட்ட ஒண்ணுமே இருக்காது."

மார்லிஸ் இரண்டு கைகளையும் கோத்து வாயில் வைத்துக்கொண்டார்.

வெர்ன் அவனை மேலும் கீழும் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"அது கெடக்கட்டும். நாளைக்கு என் வீட்டுக்கு வர்றேன்னியே, அது உண்டா, இல்லையா?"

கூடமே வெடித்துச் சிரித்தது! வெர்ன் கோபமாகத் திரும்பினார். "என்னய்யா சிரிப்பு? குளிர்ல சாகச் சொல்றீங்களா? கட்டுறதுன்னா கட்டித் தொலைங்க! எங்க வீட்டுப் பக்கம் மரம் வச்சு மறைங்க, அவ்வளவுதான்!"

கட்டலாம் என்று மன்ற உறுப்பினர்கள் ஐந்து பேரும் கையைத் தூக்கினார்கள். மார்லிஸ் அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, ஏன் மறைக்க வேண்டும்?

வீடு எழுந்து, திறக்கும் நாளும் வந்தது. எங்கள் ஊரில் புது ஜெயில் கட்டினால், கைதிகள் வருவதற்கு முன்னால் ஊருக்கே திறந்து காட்டுவார்கள். தெரு முழுக்க வரிசை. வெர்னின் மனைவி தட்டு நிறைய எலுமிச்சைக் கேக் துண்டுகள் கொண்டுவந்திருந்தார். குழந்தைகள் புதுக் கட்டிலில் குதித்தார்கள். ட்ராவிஸ் விடுதலையாகி அதே கம்பெனியில் இருந்தான். அந்த வீட்டுக்கு ஹீட்டர் பொருத்தியது அவன்தான்!

மார்லிஸ் எல்லோரையும் அழைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகக் காட்டினார். கடைசியில் வாசல் கதவுக்கு வந்தார். நின்றார். கையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். பின்னால் மொத்த ஊரும் நின்றது.

"மேடம்," என்றான் ட்ராவிஸ். "சத்தம் வராது. கீழ பாருங்க."

கதவின் உள்பக்கம் பளபளவென்று ஒரு கைப்பிடி. காலையில் வேலைக்குக் கிளம்புபவன் தானே திருகித் திறந்துகொண்டு போகலாம்.

மார்லிஸ் அதைத் தொட்டார். திருகித் தள்ளினார். வெயில் உள்ளே விழுந்தது. வெளியே ஒரு அடி வைத்தவர், சட்டென்று திரும்பி உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"என்னாச்சு மார்லிஸ்?" என்று பதறினார் வெர்ன்.

"ஒண்ணுமில்ல, நீ சும்மா இரு," என்றார் மார்லிஸ். முகமெல்லாம் சிரிப்பு. "இன்னொரு வாட்டி திறக்கணும்."