நான் சேர்த்த கையொப்பக் கோடு

ஓய்வு பெற்ற பிறகு நான் செய்த பெரிய காரியம், ஒரு வினாத்தாளைத் தமிழாக்கியது. எந்த வேலையில் பிள்ளைகளுக்கு விருப்பம் என்று கண்டறிய வெளிநாட்டில் உருவாக்கிய தாள். குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு அதைக் கொடுத்து, பதினொன்றில் யாருக்கு எந்தப் பிரிவு என்று நான் பரிந்துரைக்க வேண்டும்.

வெறும் மொழிபெயர்ப்பு போதாது, நம் ஊருக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டும் என்று தெரியும். பனிச்சறுக்கு கற்றுத்தருவதை எடுத்துவிட்டுக் கேரட் கழுவும் இயந்திரத்தைப் பழுதுபார்ப்பதைப் போட்டேன். மேற்கத்திய இசை நாடகம் மாரியம்மன் திருவிழா நாடகமானது. எனக்கே என்னைப் பிடித்துப்போனது. அந்த உற்சாகத்தில், மூலத்தில் இல்லாத ஒன்றைக் கடைசியில் சேர்த்தேன்: பெற்றோர் கையொப்பம். பள்ளித் தாளில் அது இல்லாமல் எப்படி?

ஆகவே தாள்கள் வீட்டுக்குப் போய்த் திரும்பின.

ஒரு மாணவிக்குக் கால்நடை மருத்துவராக ஆசை. அதற்கு உயிரியல் பிரிவு வேண்டும். அவள் தாளோ மேடை, பாட்டு, வேஷம் என்றது. விலங்குகள் வந்த கேள்விகளுக்கெல்லாம் ‘துளியும் விருப்பமில்லை’. நாடகத்துக்கென்று பள்ளியில் தனிப் பிரிவு இல்லாததால், வரலாற்றுப் பிரிவு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் என்னைத் தேடி வந்தாள்.

“சார், அது என்னுதில்லைங்க. எங்கப்பாவுதுங்க.”

“அப்பாவுதுன்னா?”

“கையெழுத்துப் போடறவரு சும்மா போடுவாருங்களா? பேனாவ வாங்கி எல்லாத்துக்கும் அவரே டிக் அடிச்சுட்டாருங்க. அம்மா வேற, ‘பாட்டுக்கு ரெண்டு டிக்கா போடுங்க’ன்னுச்சு.”

சிரித்துவிட்டு இன்னொரு தாளை நீட்டியிருக்க வேண்டும். ஆனால் தலைமையாசிரியை அன்றுதான் என் தமிழாக்கத்தை எல்லார் முன்னாலும் புகழ்ந்திருந்தார். “உனக்கே தெரியாத ஆசை உள்ளே இருக்கும்மா. அதைத்தான் இந்தத் தாள் கண்டுபிடிக்கும்” என்றேன். பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

சில நாள் கழித்து, டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அவள் அப்பா பூரிப்போடு வந்தார்.

“ஏனுங்க சார், புள்ளைக்கு நாடகந்தான்னு வந்துருக்குதாமே! நானும் அர்ச்சுனன் வேஷம் கட்டுனவனுங்க.”

“அவளுக்கு விலங்குன்னா பிடிக்குமாமே?”

“காட்டுமாடு தொரத்துனது அவளையா, என்னையுங்களா? அதுக்கெல்லாம் நல்லா அழுத்தி டிக் அடிச்சேனுங்க, புடிக்கலைன்னு.”

“அவகிட்ட கேட்டீங்களா?”

“கையெழுத்து நாந்தானுங்களே போடறது?”

அப்புறம்தான் தலைமையாசிரியையிடம் ஓடினேன். உயிரியலில் இடம் நிரம்பிவிட்டது. “உங்க பேப்பர்தானே சார் சொல்லுச்சு?” என்றார்.

அவள் இப்போது மசினகுடியில் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பறையில் வேலை செய்கிறாள். போன மாதம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

“விடுங்க சார். எங்கப்பா இப்பெல்லாம் வருசா வருசம் மேடை ஏறறாருங்க. பேப்பர் அவருக்குக் கரெக்டாத்தான் சொல்லியிருக்குது.”

அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை. அப்போது வாசலுக்கு ஒரு நாய் நொண்டிக்கொண்டு வந்தது. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போய், யூனிஃபார்ம் புடவையோடு தரையில் உட்கார்ந்து அதன் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

“முள்ளுங்க சார். கொஞ்சம் டார்ச் அடிங்க.”

செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன்.