வெறும் வயிற்றுக் கட்டுரை

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே செல்போனை எடுத்து, என் கட்டுரைகளை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு இருந்தது. உடம்பு சர்க்கரையை எப்படிச் செலவழிக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. இத்தனை வருஷத்தில் எழுதியவற்றில் முக்கால்வாசியை நானும் என் மாணவர்களும் மட்டுமே படித்திருப்போம். ஒன்றே ஒன்றுதான் ஓடியது. காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போகும் பெண்களுக்கு வெறும் வயிற்றிலேயே சர்க்கரை கூடுதலாக இருக்கிறது, தூக்கம் கெடுவது காரணமாக இருக்கலாம் என்று அதில் எழுதியிருந்தேன். எனக்கு வந்த மேற்கோள்களில் பாதி அந்தக் கட்டுரைக்கு வந்தவை. பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தபோது அதைத்தான் முதல் வரியில் போட்டேன்.

நேர்காணலுக்குப் பத்து நாள் இருந்தது. அடுத்த ஆய்வுக்கு ஆள் சேர்க்கக் காசிமேடு துறைமுகத்துக்குப் போயிருந்தேன். நாலு வருஷம் முன்பு அந்தக் கட்டுரைக்காக ரத்தம் கொடுத்த அக்கா ஒருவர் ஏலம் முடிந்து கூடையோடு வந்து உட்கார்ந்தார். மறுநாள் வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று நினைவூட்டினேன். போன தடவை மாதிரியே ஒரு டீயோடு வந்துவிடுவதாகச் சொன்னார். அன்றைக்கு டீ குடித்தீர்களா என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“டீ குடிக்காம ஏலத்துல எப்டிம்மா நிக்கிறது? அல்லாரும்தான் குட்ச்சோம். நீ துன்னக் கூடாதுன்னு சொன்ன. நாங்க ஒண்ணும் துன்னல.”

அவர் பொய் சொல்லவில்லை. வெளியூர்க்காரர் யாராவது இந்த ஆய்வைச் செய்திருந்தால், தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது என்று விளக்கியிருப்பார். நான் திருவொற்றியூரில் வளர்ந்தவள். அமாவாசை விரதத்தன்று என் அம்மா மூன்று டீ குடித்துவிட்டு, காலையிலிருந்து பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை என்பார். எங்கள் வீட்டிலும் டீ ஒரு சாப்பாடாகக் கணக்கில் வந்ததில்லை. அதனால் அந்தப் பெண்களிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இந்த ஊர்க்காரி என்கிற தெம்பில்தான் கோட்டை விட்டேன்.

அலுவலகத்தில் என் மேலதிகாரியிடம் சொன்னேன். நேர்காணல் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நல்ல யோசனையாகத்தான் பட்டது. மூன்று நாள் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்த அக்கா கூடையைத் தூக்கும்போது சொன்ன மீதி விஷயம் என்னை விடவில்லை. அன்றைய ரத்தப் பரிசோதனை முடிவை எழுதி நான் கொடுத்த சீட்டைப் பார்த்துத்தான் பக்கத்துத் தெரு டாக்டர் அவருக்கு மாத்திரை எழுதினாராம். அதைப் போட்டால் சில நாள் தலை சுற்றி, கண் இருட்டுமாம். ஒரு தடவை ஏல மேடையிலேயே விழுந்துவிட்டாராம். என் சீட்டு வரும்வரை மூன்று ஸ்பூன் சக்கரை போட்டு டீ குடித்தவர், நாலு வருஷமாகச் சக்கரையைத் தொடுவதில்லை.

நாலாம் நாள், நடந்த தப்பை ஒப்புக்கொண்டு ஆய்விதழுக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பதவி வேறொருவருக்குப் போயிற்று. வயிற்றெரிச்சலாக இருந்தது, இல்லை என்றால் பொய். அதைவிட எரிச்சல், திரும்பப் பெற்ற பிறகும் அந்தக் கட்டுரையை யாராவது மேற்கோள் காட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த எண் ஏறுவதைப் பார்க்கப் பிடிக்காமல் காலைப் பழக்கத்தையும் விட்டேன்.

அக்காவை வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, சில வாரம் பொறுத்து, டீயும் இல்லாத நிஜமான வெறும் வயிற்றில் பரிசோதித்தார். சர்க்கரை நோய் இல்லை. முடிவைச் சொல்லக் காசிமேட்டுக்குப் போனேன். தப்பு முழுக்க என்னுடையது என்றும், எழுதியதை வாபஸ் வாங்கிவிட்டேன் என்றும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் கூடையைக் கீழே வைத்தார்.

“நாலு வர்சமா சக்கரக்காரின்னுதான் என்னைய கூப்புடுறாங்க. என் பொண்ண பொண்ணு பாக்க வந்தவங்ககூட அத்த சொல்லிட்டுத்தான் போனாங்க. அத்த யாரு வாபஸ் வாங்குவா? நீயே வந்து சொல்லு.”

மணிக்கட்டைப் பிடித்து, மீன் விற்கும் பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்கு இழுத்துப் போனார். ஒவ்வொரு கூடையின் முன்னும் நின்று, இந்த அக்காவுக்குச் சர்க்கரை கிடையாது, நான்தான் தப்பாகச் சொன்னேன் என்று சொன்னேன். முதல் இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாவதாக இருந்தவர் நெத்திலியை அள்ளிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். அவரும் அன்றைக்கு ரத்தம் கொடுக்க என் மேஜை முன்னால் கை நீட்டியவர்தான்.

“அப்போ எனுக்கு?” என்றார்.

தெரியவில்லை என்றேன். அவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார்கள். ஆய்விதழுக்கு நான்கு பக்கம் எழுதிய எனக்கு, அந்த நிமிஷம் வரை இவர்களில் ஒருவரைக்கூட நினைக்கத் தோன்றவில்லை.