பெயர் சொல்லும் பூசை

ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்த மகன் அருண்ராஜ் லாரி மோதிச் செத்தபின், செங்கமலத்தின் சொந்தங்கள் மகா அறிவாளிகள் ஆனார்கள். துர்மரணமாம், படம் மாட்டக்கூடாதாம், பெயரைச் சொன்னால் ஆவி வருமாம். துக்கம் கேட்க அவளுடைய குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலோடு திரும்பினார்கள். இவர்கள் வீரமெல்லாம் பந்தியில்தான்.

பக்கத்து வீட்டு பிலோமினா செங்கமலத்தை மாதா கோயிலுக்குக் கூட்டிப்போனாள். பூசையில் சாமியார் மைக்கில் அருண்ராஜ் பெயரைச் சொல்லி மன்றாடினார். முன்பின் தெரியாத சனமெல்லாம் அவனுக்காக முழங்காலிட்டது. மகன் ஆண்டவரிடம் இருக்கிறான் என்று நம்பிய அன்றுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.

விஷயம் தெரிந்து, கணவரின் அண்ணன் சிவப்பிரகாசம் குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்து வாசலில் நின்றார்.

"பேரச் சொல்லிக்கினே இருந்தா வூட்டுக்கே வந்துடுவாம்மா."

மகன் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றிய செங்கமலம் திரும்பவில்லை.

"வரட்டும் மாமா. உங்கள மாதிரி வாசல்லயே நின்னுட்டுப் போவமாட்டான்."