சத்தியம் கேட்காத கூட்டம்

“உங்கட கூட்டத்திலை சத்தியம் பண்ணச் சொல்லுவினமோ?”

என் ஓட்டோவின் பின் சீற்றில் இருந்துகொண்டு யாக்கோப்பு அண்ணை கேட்ட முதல் கேள்வி அதுதான். ஊர்காவற்றுறையில் மீனைக் கொடுத்துவிட்டு வெறும் கூடையோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். குடியை விட்டவர்களும் விடப் பார்ப்பவர்களும் சனிக்கிழமைப் பின்னேரங்களில் வேலணையில் கூடுகிறோம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் அங்கே போகிற ஆள் என்பது தீவு முழுக்கத் தெரியும். ஒருகாலத்தில் நான் குடித்ததும் தீவு முழுக்கத் தெரிந்த விஷயம்தானே.

“ஒருத்தரும் கேக்க மாட்டினம் அண்ணை. செய்தாலும் எங்கட சத்தியத்தை ஆர் நம்புறது?”

“அப்ப வாறன்,” என்றார்.

அங்கே பேசுவது வெளியே போகக்கூடாது. இதை எழுதச் சொன்னது அவரேதான், இல்லாவிட்டால் நான் பேனையைத் தொட்டிருக்க மாட்டேன்.

கூட்டம் நடப்பது ஒரு முன்பள்ளியில். பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில்தான் நாங்கள் இருக்க வேண்டும். முழங்கால் நாடியில் முட்டும். கள்ளும் சாராயமும் மாறி மாறி அடித்துத் திரிந்த தடியன்கள் எல்லாரும் சிவப்பும் மஞ்சளுமான கதிரைகளில் குந்தியிருப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். யாக்கோப்பு அண்ணை சிரிக்கவில்லை. கதவோரக் கதிரையில் இருந்து, கூட்டத்தை நடத்தும் நிமலினி அக்கா தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிப் போனார். அடுத்த கிழமையும் அப்படித்தான்.

அதற்கடுத்த கிழமைதான் வாய் திறந்தார். இனித் தொடமாட்டேன் என்று மகன் மிரோஜனின் தலையில் அடித்து, மனைவி கத்தரீனாவுக்கு முன்னால் சத்தியம் பண்ணியவர். ஒரு மாதம் ஆகவில்லை, கள்ளுத் தவறணையில் நின்றார். அன்றைக்கே மகன் மோட்டார் சைக்கிளில் வந்து ரோட்டில் படுத்திருந்த மாட்டோடு மோதி விழுந்தான். காலுக்குள் கம்பி வைத்தார்கள். இனி அவனால் வள்ளத்தில் நிலையாக நிற்க முடியாது, கடல்தொழிலும் இல்லை.

“பொய்ச் சத்தியம் பிள்ளையிலை பலிச்சிட்டுது. அண்டையிலை இருந்து நான் அவன்ரை தலையைத் தொடேல்லை. ஒரே வீட்டிலைதான் இருக்கிறம், கதைக்கிறதில்லை. எந்த முகத்தோடை கதைக்கிறது?”

ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே கேள்வி கேட்கக்கூடாது என்பதும் எங்கள் சட்டம். நல்ல சட்டம்தான், ஆனால் என் வாய் சும்மா கிடக்காது. இந்தக் கதையை அவர் சந்தையிலும் கோயில் வாசலிலும் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். மாட்டைச் சொல்லுவார், சத்தியத்தைச் சொல்லுவார். ஒன்றை மட்டும் சொல்லமாட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

“அது சரி அண்ணை, அந்த நேரத்திலை பொடியன் எங்கை போனவன்?”

நிமலினி அக்கா என்னை முறைத்தார். யாக்கோப்பு அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் காலடியில் வைத்தார்.

“என்னை ஏத்த வந்தவன்,” என்றார். “நான்தான் போன் பண்ணினனான். என்னாலை நடக்க ஏலாது, வந்து ஏத்தடா எண்டு தூசணத்திலை கத்தினனான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், அரைவாசியிலை எழும்பி வந்தவன்.”

பிறகு எழுந்து போய்விட்டார்.

அந்தக் கிழமை முழுக்க எனக்கு நித்திரை இல்லை. எனக்கென்ன விசர் வேலை? ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு குடிக்காமல் இருந்த மனிசனை நானே திரும்பத் தவறணைக்குத் தள்ளிவிட்டேனோ என்று பயம். சந்தையில் அவரைக் காணவில்லை. தவறணை வாசலையும் எட்டிப் பார்த்தேன். என்னைப் போன்றவன் எட்டிப் பார்க்கக்கூடாத இடம் அது. அங்கேயும் அவர் இல்லை. நிமலினி அக்காவிடம் வாங்கிய ஏச்சுப் போதாதென்று நானும் என்னை ஏசிக்கொண்டு திரிந்தேன்.

சனிக்கிழமை வந்தார். அதே கதவோரக் கதிரை.

“மகனோடை கதைச்சனான். சத்தியமும் இல்லை சாபமும் இல்லை, நான் குடிச்சுப்போட்டுக் கூப்பிட்டதாலைதான் உன்ரை கால் போனது எண்டு சொன்னனான்.”

“அவர் என்ன சொன்னவர்?” இந்த முறை நிமலினி அக்காவே சட்டத்தை மீறினார்.

“கால் போனதைக்கூடத் தாங்கலாம், நீங்கள் அதை ஆண்டவரிலை போட்டதைத்தான் தாங்க ஏலாமல் கிடந்தது எண்டான். எழும்பி உள்ளுக்குப் போயிட்டான். பிறகு கதைக்கேல்லை.”



கூட்டம் முடிந்து, அவரைப் பஸ் எடுக்கிற இடத்தில் இறக்கிவிடலாம் என்று நான் ஓட்டோவைத் திருப்பினேன். படலைக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. மிரோஜன். விழுந்த பிறகு அவன் அதை ஓட்டி நான் கண்டதில்லை. நல்ல காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு முன்பள்ளிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

யாக்கோப்பு அண்ணை படியிலேயே நின்றுவிட்டார்.

“ஏனடா வந்தனீ? நான் உன்னைக் கூப்பிடேல்லையே.”

“ஓம், கூப்பிடேல்லை,” என்றான் மிரோஜன். “ஏறுங்கோ அப்பா.”